மாய ஓட்டல் நாவல் ஏன் ஏமாற்றியது? அதே கதையை ஏற்காட்டில் எழுதலாமா?

கேள்வி இதுதான். சேலத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு வாசகி, மாய ஓட்டல் ஒன்றில் நடக்கும் ஆங்கில இளையோர் நாவலை ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறார். அட்டை அழகு, பின்னட்டைக் குறிப்பு அதைவிட அழகு. முதல் 60 பக்கம் பறந்ததாம். அப்புறம் இழுவை, முடிக்கும்போது எரிச்சல். "எங்கே தப்பு நடந்தது? இரண்டாம் பாகத்தை வாங்கலாமா? ஏற்காட்டை வைத்து நானே இப்படி ஒன்று எழுத நினைக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்த பிறகு, சில இரவுகளில் மட்டும் 21-வது வளைவு ஒன்று வரும். அங்கே ஓர் ஓட்டல் இருக்கும். இது தேறுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாம் பாகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நூலகத்தில் கிடைத்தால் முதல் இரண்டு அத்தியாயம் புரட்டிப் பாருங்கள், போதும். மற்ற இரண்டு கேள்விகளுக்கும்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்காட்டு ஓட்டல்களில் பல வருடம் ஃப்ரண்ட் ஆபீசில் நின்றவன் நான். இந்த வகை நாவல்கள் எது கிடைத்தாலும் விடாமல் படிப்பவன். நீங்கள் சொல்லும் நாவலையும் படித்துவிட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இதே குறை இந்த வகையில் பலவற்றுக்கும் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. 17 வயதுப் பெண், காணாமல் போன அண்ணனைத் தேடி அந்த ஓட்டலில் ரூம் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்கிறாள். தங்க வருபவரின் மனதிலிருக்கும் ஆசைக்கேற்ப அறை மாறிக்கொள்ளும். ஒருவர் கதவைத் திறந்தால் கடல், இன்னொருவர் திறந்தால் இடிந்துபோன பழைய வீடு முழுசாக நிற்கும். வேலையாட்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவர் வெளியே போக முடியாது. இதைக் கேட்டாலே படிக்கத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் தோன்றியது.

பிரச்சினை என்னவென்றால், அந்த ஓட்டலில் யாரும் வேலை செய்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த பெண் ஒரே ஒரு பக்கத்தில் படுக்கை விரிப்பை மாற்றுகிறாள். அதற்கப்புறம் 300 பக்கத்துக்கு வராந்தாக்களில் அலைகிறாள், ஒளிந்து கேட்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். அவளை யாரும் தேடுவதில்லை. நிஜ ஓட்டலில் செக் அவுட் 12 மணி, செக் இன் 2 மணி என்று வையுங்கள். நடுவிலிருக்கும் அந்த இரண்டு மணி நேரம் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போர்க்களம். ஒரு ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் 12 முதல் 15 ரூம் வரும். காலி செய்த ரூம் ஒன்றை ஒழுங்காகச் செய்ய அரை மணி நேரமாவது பிடிக்கும். 20 நிமிஷம் ஆள் காணவில்லை என்றால் சூப்பர்வைசர் குரல் மூன்றாவது மாடி வரை கேட்கும். அண்ணனையும் தேட வேண்டும், 14 ரூமையும் முடிக்க வேண்டும், கீழே லாபியில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் பெட்டியின் மேல் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறது. பதற்றம் எங்கே இருக்கிறது பாருங்கள். நாவலாசிரியர் அதைத் தொடவே இல்லை.

அந்த வேலையைக் கொடுத்ததால் நாயகிக்கு என்ன கிடைத்தது என்றும் அவர் யோசிக்கவில்லை. ஓட்டலில் எல்லாக் கதவையும் திறக்கும் உரிமை உள்ளவர்கள் ரொம்பக் குறைவு. முதலாளிகூடத் தங்கியிருப்பவர் அறைக்குள் காரணமில்லாமல் நுழைய முடியாது. ரூம் பாய் நுழையலாம். பதிவேட்டில் ஒருவர் எந்தப் பெயரையும் எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் குப்பைக் கூடை பொய் சொல்லாது. கிழித்துப் போட்ட கடிதம், மாத்திரை அட்டை, இரண்டு பேர் என்று சொன்ன அறையில் மூன்று டீ கப். அண்ணனைத் தேடும் பெண்ணுக்கு இதைவிட நல்ல உளவு வேலை கிடையாது. ஆனால் நாவலில் தடயம் எல்லாம் எப்படிக் கிடைக்கிறது? யாரோ ஒரு பாத்திரம் வந்து உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பழங்கதை சொல்கிறது. இலையைப் போட்டு, தண்ணீரும் தெளிக்க வைத்துவிட்டு, சோறு போடாமல் பந்தியைக் கலைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஓட்டல் என்பதே விசித்திரமான சட்டதிட்டங்கள் நிறைந்த இடம். விருந்தினருக்கு ஒரு படிக்கட்டு, வேலையாளுக்கு இன்னொரு படிக்கட்டு. 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை கதவில் தொங்கினால் உள்ளே தீப்பிடித்த வாசனை வந்தால் ஒழிய யாரும் கை வைக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது நைட் ஆடிட். ஓட்டலில் நாள் நள்ளிரவு 12 மணிக்கு முடிவதில்லை. அன்றைய கணக்கை நைட் ஆடிட்டர் எப்போது மூடுகிறாரோ அப்போதுதான் தேதி மாறும். அது ஒரு மணியாக இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். அதுவரை ஊருக்கெல்லாம் புதன்கிழமை, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மட்டும் இன்னும் செவ்வாய். அந்த இடைவெளியில் ஒருவர் வந்து ரூம் கேட்டால் அவர் எந்த நாளில் வந்தவர்? மாயக் கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நான் படித்த மாய ஓட்டல் கதைகளில் மாயமெல்லாம் கடிகாரம் 12 அடித்ததும்தான் நடக்கிறது. ஒரே ஒரு இரவு ரிசப்ஷனில் நின்றிருந்தாலும் அப்படி எழுதத் தோன்றாது.

இரண்டாவது பெரிய ஓட்டை, மாயத்துக்குக் கணக்கு இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் எந்தச் சாவிக்கும் திறக்காத கதவு, 22-ம் அத்தியாயத்தில் நாயகி அழுததும் திறந்துகொள்கிறது. ஒப்பந்தத்தை யாராலும் மீற முடியாது என்று அத்தனை தடவை பயமுறுத்திவிட்டு, கடைசியில் காகிதத்தைக் கொளுத்தியதும் எல்லோரும் விடுதலை. கொளுத்த முடியும் என்றால் இத்தனை வருடம் அந்த வேலையாட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தீப்பெட்டி கிடைக்கவில்லையா?

நாம் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மாயக் கதையின் கணக்கு சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது. வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் வாயைத் திறக்காமல் பிணத்தைச் சுமந்து வர வேண்டும். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே விதி, இரண்டும் ஒன்றையொன்று இறுக்குகின்றன. அதனால்தான் அத்தனை கதைகளுக்கும் அந்தச் சட்டம் தாங்குகிறது. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவில் மாதாமாதம் அதே மரம், அதே பிணம் என்று எத்தனை தலைமுறை சலிக்காமல் படித்தது!

ஒப்பந்தக் கதை வேண்டுமென்றால் பட்டியிடம் பாடம் படிக்க வேண்டும். சிம்மாசனத்தில் அமர்ந்து 1000 வருடம் ஆள விக்கிரமாதித்தனுக்கு வரம். அவனுடைய மந்திரி பட்டிக்கோ 2000 வருட ஆயுள். ராஜா பாதியில் போய்விட்டால் பட்டி தனியாக என்ன செய்வான்? வரத்தைக் கொளுத்தவில்லை, அழவுமில்லை. சொல்லைப் பிடித்துக்கொண்டான். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குத்தானே 1000 வருடக் கணக்கு? ஆறு மாதம் நாட்டில் இரு, ஆறு மாதம் காட்டில் இரு. 1000 என்பது 2000 ஆகிவிட்டது. காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது ஒரு சட்ட நுணுக்கம். விதியை உடைக்காமல் விதிக்குள்ளேயே வழி கண்டுபிடிக்கும்போது வாசகனுக்கு வரும் சந்தோஷம் தனி. அந்த நாவலின் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை நாயகி நம்மை விடக் கூர்மையாகப் படித்திருந்தால் போதும், அட்டை விலைக்குப் பாதிப் பணமாவது தேறியிருக்கும்.

அலிபாபா கதையிலும் அப்படித்தான். குகை ஒரு சொல்லுக்குத்தான் திறக்கும். உள்ளே போன அலிபாபாவின் அண்ணன் தங்கத்தைப் பார்த்த மயக்கத்தில் அந்தச் சொல்லை மறக்கிறான், செத்தான். பேராசையும் விதியும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. இந்தக் கதையை 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக எடுத்தது நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ்தான். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோ இருந்தது ஏற்காடு சாலையில். இப்போது அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. உங்கள் கதையில் மலைக்குப் போகிற பஸ் அதைத் தாண்டித்தான் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

காதல் பகுதியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. லிஃப்ட் இயக்கும் அழகான பையன், முகத்தில் தழும்பு, மனதில் ரகசியம். அவன் லிஃப்டை இயக்கி ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை.

வர்ணனை பற்றிப் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதும்போது இங்கேதான் வழுக்குவீர்கள். அந்த நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வெல்வெட் திரை, தங்க முலாம், தொங்கும் விளக்கு, பெயர் தெரியாத இனிப்புகள். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வெயில் மழை கிடையாது, ஈரம் கிடையாது. ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் தலையெழுத்தே ஈரத்தில்தான் இருக்கிறது. படுக்கை விரிப்பு ஒரு கட்டிலுக்கு மூன்று ஜோடியாவது வைத்திருப்போம்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் சலவைக்குப் போனது காயாது, அலமாரி காலியாகிவிடும். சுவரில் பூஞ்சை, கம்பளியில் ஒரு மாதிரி புளித்த வாசனை, மதியம் 3 மணிக்கே ஜன்னல் வழியாக உள்ளே வரும் மூடுபனி. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று ஓடுவோம். உங்கள் மாய ஓட்டலில் கணக்கில்லாத அறைகள் இருக்கட்டும், சரி. விரிப்பை யார் துவைக்கிறார்கள், எங்கே காயப்போடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு மாயமான பதில் கண்டுபிடித்தீர்களானால் உங்கள் நாவலுக்கு ஒரு நல்ல அத்தியாயம் கிடைத்துவிடும்.

இனி உங்கள் 21-வது வளைவு. யோசனை அருமை, மனதாரச் சொல்கிறேன். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம். அந்த ஏற்றம் முழுக்க ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பின் சீட்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள், 20 வந்ததும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் முடிந்த பிறகு இன்னொரு பலகை வருவது என்பது நம் ஊர் ஆளுக்கு உடனே முதுகு சில்லிடும் விஷயம். வெளிநாட்டு நாவலிலிருந்து எடுத்தது போலவே தெரியவில்லை. கதவு சரியாக அமைந்துவிட்டது.

ஆனால் சேலத்துக்காரன் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: குப்பனூர் வழியாக வந்தால்? மலைக்கு இன்னொரு பாதை இருக்கிறதே. அந்தப் பாதையில் வருகிறவனுக்கு ஓட்டல் தென்படாதா? இறங்கும்போது வளைவு எண் தலைகீழாக வருமே, அப்போது 21-வது எது, முதலில் வருவதா? இரவு கடைசி பஸ்ஸின் டிரைவர் தினமும் அந்த வழியில் போகிறவர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. இவற்றுக்குப் பதில் சொல்லச் சொல்லத்தான் உங்கள் மாயத்துக்கு விதி பிறக்கும். எண்ணிக்கொண்டே வருகிறவருக்கு மட்டும்தான் அந்த வளைவு வரும் என்று வைத்துப் பாருங்கள். டிரைவர் எண்ணுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருக்கும், அதனால் அவருக்கு வராது. குழந்தைகளுக்கு வரும். எண்ணுவதை எப்போது நிறுத்துகிறோம் என்பதே இளையோர் நாவலுக்கு ஏற்ற கேள்வி. இது சும்மா ஓர் உதாரணம், உங்களுக்கு இதைவிட நல்லது தோன்றலாம்.

அடுத்து, அந்த ஓட்டலை யார் கட்டினார்கள்? ஏற்காடு என்றதும் எல்லோரும் வெள்ளைக்காரர் பங்களாவுக்குப் போய்விடுகிறார்கள். பியானோ சத்தம், வெள்ளை கவுன் போட்ட பேய். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பேய்க்கே அலுத்திருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் எழுதுவார்கள். எஸ்டேட் ஆவதற்கு முன்னால் அந்த நிலம் யாரிடம் இருந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள், மூத்தவர் வழி இந்த மலைக்காரர்கள் என்று அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. மலை உச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள், உள்ளே குனிந்துதான் போக வேண்டும். மே மாதத் திருவிழாவில் அந்த மேட்டில் கூடும் கூட்டத்தை ஒரு முறையாவது பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். ஓட்டல் வேலைக்கு வருகிறவர்களில் பலர் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்துதான் வருகிறார்கள். உங்கள் நாயகி சேலத்திலிருந்து போகும் விருந்தாளியாக இல்லாமல், நாகலூர் பக்கத்திலிருந்து விடிகாலையில் நடந்து வேலைக்கு வரும் பெண்ணாக இருந்தால் கதையே வேறாகிவிடும். அவளுக்கு அந்த ஓட்டல் அதிசயம் இல்லை, சம்பளம். அவள் பாட்டிக்கு அந்த இடம் ஓட்டலாவதற்கு முன் என்னவாக இருந்தது என்று தெரியும். ஆனால் ஒன்று: அவர்கள் சாமியையும் சடங்கையும் அலங்காரத்துக்கு எடுத்துப் போட வேண்டாம். போய்ப் பேசுங்கள், பழகுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

எந்த மாதத்தில் கதை நடக்கிறது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி, ரூம் கிடைக்காது, ஏரிக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அப்போது ஒரு அதிகப்படியான ஓட்டல் முளைத்தால் யாரும் கேள்வி கேட்காமல் போய்ப் படுத்துக்கொள்வார்கள், அதுவே நல்ல நகைச்சுவை. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்த சில நாளில் காப்பிச் செடி பூக்கும், மலை முழுக்க மல்லிகை வாசனைக்குப் பக்கத்தில் ஒரு வாசனை அடிக்கும், சில நாளில் போய்விடும். சில இரவுகள் மட்டும் வரும் ஓட்டலுக்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதினால் மட்டும் நவம்பரைத்தான் எடுப்பேன். ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் காப்பிப் பழம் பறிப்பு. ஓட்டலில் பாதி ஆளுக்கு லீவு, மொத்தம் மூன்று ரூமில்தான் விருந்தினர். ஆள் குறைவாக இருக்கும்போதுதான் ஓட்டலில் ஒவ்வொரு சத்தமும் கேட்கும்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் வேலையில் இருந்த காலத்தில் வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் என்ற படிவத்தை நிரப்பி அரசுக்கு அனுப்பியாக வேண்டும். எந்த நாடு, கடைசியாக எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் எல்லாம் அதில் வரும். உங்கள் 21-வது வளைவு ஓட்டலுக்கு வேறு உலகத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். இரவு ஒன்றரை மணி, கணக்கு இன்னும் மூடவில்லை, கம்ப்யூட்டரில் நேற்றைய தேதி. ரிசப்ஷனில் நிற்கும் 20 வயதுப் பையன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், எந்த ஊருன்னு போடட்டும்?" என்று கேட்கிறான். பின்னட்டைக்கு என்ன எழுதலாம் என்பதை மறந்துவிட்டு, அந்தப் பையனுக்கு வரும் பதிலை முதலில் எழுதிப் பாருங்கள்.